காசில் செம்பு கலந்த அரசர்கள்: டிபேஸ்மென்ட் என்றால் என்ன?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதோடு சேர்ந்து ஒரு சொல்லும் ஏறிவிடுகிறது: டிபேஸ்மென்ட். "ரூபாயை டிபேஸ் பண்ணிக்கிட்டே இருக்காங்க, பேசாம தங்கம் வாங்கிப் போடுங்க" என்று யூடியூபில் ஒருவர் சொல்வார். இன்னொருவர் டாலரைப் பற்றி அதையே சொல்வார். அரசாங்கப் பணத்தை நம்பாமல் தங்கமும் பிட்காயினும் வாங்குவதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தைக்காரர்கள் 'டிபேஸ்மென்ட் டிரேட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கேட்கிறவருக்கு இது விலைவாசி உயர்வைச் சொல்கிறதா, டாலருக்கு எதிராக ரூபாய் விழுவதைச் சொல்கிறதா, நோட்டு அச்சடிப்பதைச் சொல்கிறதா என்று புரியாது. பேசுகிறவர்களில் பலருக்கும் அது தெளிவாக இருப்பதாகத் தெரியவில்லை. உண்மையில் இந்தச் சொல்லுக்கு மிகக் குறுகலான, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பங்கள் தானாக விலகும்.

## பாலில் தண்ணீர்

பால்காரர் முக்கால் லிட்டர் பாலில் கால் லிட்டர் தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டர் பால் என்று விற்கிறார். விலை மாறவில்லை, அளவு மாறவில்லை, நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைந்திருக்கிறது. வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி, அதே அளவில், அதே முத்திரையோடு, அதே மதிப்புக்கு வெளியிட்டால் அதுதான் டிபேஸ்மென்ட். தமிழில் நாணயக் கலப்படம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு வித்தியாசம். பால்காரர் தண்ணீர் ஊற்றினால் புகார் கொடுக்க ஆள் உண்டு. காசில் செம்பு கலப்பவரோ அரசர். எது நல்ல காசு என்று சொல்லும் அதிகாரமும் அவரிடமேதான் இருக்கிறது. காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளித் தூள் எடுத்த தனி ஆளை இங்கிலாந்தில் தூக்கில் போட்டார்கள். அதே வேலையை ராஜா உள்ளிருந்து செய்தால் அதற்குப் பெயர் கொள்கை முடிவு.

மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காசின் மேல் 'இவ்வளவு' என்று அரசு சொல்லும் மதிப்பு முகமதிப்பு. காசை உருக்கி விற்றால் கிடைக்கும் மதிப்பு உலோக மதிப்பு. சுத்தம் எவ்வளவு என்பதற்கு நம் ஆசாரிகள் 'மாற்று' என்று ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்றுதான். முகமதிப்பைத் தொடாமல் மாற்றைக் குறைப்பதுதான் நாணயக் கலப்படம்.

## லாபம் எங்கிருந்து வருகிறது?

"செம்பு கலந்தார்கள், ஏமாற்றினார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சரி, லாபம் எப்படி வந்தது? அதைவிட முக்கியமாக, மக்கள் ஏன் தங்கள் வெள்ளியைத் தாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? சுவாரசியமே இங்கேதான்.

ஐரோப்பாவின் நாணயச் சாலைகள் பலவற்றில், யார் வேண்டுமானாலும் வெள்ளி கொண்டுபோய்க் கொடுத்துக் காசாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். நாணயச் சாலை கூலிக்காகச் சில காசுகளை எடுத்துக்கொள்ளும். கணக்குக்கு ஒரு கற்பனைக் காசு வைத்துக்கொள்வோம்: எடை 10 கிராம், அதில் 92.5 சதவீதம் வெள்ளி. ஒரு கிலோ சுத்த வெள்ளி கொடுத்தால் 108 காசு அடிக்கலாம். உங்களுக்கு 104, ராஜாவுக்கு 4.

இப்போது ராஜா மாற்றை 50 சதவீதமாகக் குறைக்கிறார். அதே ஒரு கிலோவில் 200 காசு வரும். "வெள்ளி கொண்டுவாருங்கள், கிலோவுக்கு 140 காசு தருகிறேன்" என்று அறிவிக்கிறார். நேற்று 104 கிடைத்த இடத்தில் இன்று 140! கடைத்தெருவில் விலை இன்னும் ஏறவில்லை. யார்தான் போகமாட்டார்கள்? உங்களுக்கு 36 காசு கூடுதல். ராஜாவுக்கு 4 இருந்த இடத்தில் 60.

வெள்ளிக்கட்டி வைத்திருப்பவர் மட்டுமல்ல, பழைய நல்ல காசு வைத்திருப்பவரும் ஓடுவார். 104 பழைய காசை உருக்கினால் 962 கிராம் வெள்ளி தேறும். அதைக் கொடுத்தால் 134 புதுக் காசு. இப்படி நல்ல காசெல்லாம் உலைக்குள் போய்க் கலப்படக் காசாகத் திரும்பி வருகிறது.

கொடுத்தவருக்கும் லாபம், வாங்கிய ராஜாவுக்கும் லாபம் என்றால் நட்டம் யாருக்கு? கடைசியில் வாங்குகிறவருக்கு. புதுக் காசு சந்தையில் பெருகி, அதில் சரக்கில்லை என்று வியாபாரி கண்டுகொண்டு விலையை ஏற்றும்போது, யார் கையில் பழைய கணக்கில் கூலி வருகிறதோ அவர் அகப்பட்டுக்கொள்வார். கூலிக்காரர், மாறாத வாடகைக்கு நிலம் விட்டவர், கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் அடி. கடன் வாங்கியவருக்கோ கொண்டாட்டம். எண்ணிக்கையில் சரியாகத் திருப்பிக் கொடுப்பார், வெள்ளியில் பாதிதான் கொடுப்பார்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், நாணயக் கலப்படம் என்பது வாக்கெடுப்பும் இல்லாமல், வசூல் அதிகாரியும் இல்லாமல் போடப்படும் ஒரு வரி. விலைகள் ஏறுவதற்குமுன் புதுக் காசைச் செலவழிக்கிறவர் தப்பிப்பார். அப்படிச் செலவழிக்கும் முதல் ஆள் எப்போதும் அரசர்தான்.

## எட்டாம் ஹென்றியின் செம்பு மூக்கு

'டிபேஸ்' என்ற ஆங்கில வினைச்சொல் 16-ஆம் நூற்றாண்டில் உருவானது. தாழ்ந்தது, மட்டமானது என்று பொருள்படும் 'பேஸ்' என்பதிலிருந்து வந்தது. முதலில் ஒருவரின் தகுதியைத் தாழ்த்துவதைக் குறித்தது. அந்த நூற்றாண்டின் கடைசிக்குள் காசைத் தாழ்த்துவதையும் குறித்தது. அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களுக்கு இதைப் புரியவைக்க அகராதி தேவைப்பட்டிருக்காது. அவர்கள் மடியிலேயே சாட்சி இருந்தது.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குப் பணம் தண்ணீராய்ச் செலவானது. 1530-களின் பிற்பகுதியில் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டார். அதுவும் போதவில்லை. 1540-களில் ஒரு பக்கம் ஸ்காட்லாந்துடன் போர், இன்னொரு பக்கம் பிரான்ஸுடன் போர். 1542-ல் மாற்றைக் குறைத்துக் காசு அடிக்க ரகசிய உத்தரவு போனது. 1544-ல் அந்த வேலை வெளிப்படையாகவே தொடங்கியது.

இங்கிலாந்து வெள்ளிக் காசின் பரம்பரை மாற்று 92.5 சதவீதம். ஸ்டெர்லிங் வெள்ளி என்று இன்றும் நகைக்கடையில் சொல்வது இதைத்தான். 1544-ல் இது ஏறக்குறைய 75 ஆனது. அடுத்த வருடம் 50. 1546-ல் மூன்றில் ஒரு பங்கு. 1547-ல் ஹென்றி இறந்து, ஒன்பது வயது மகன் ஆறாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. 1551-ல் கால் பங்கு வெள்ளி, முக்கால் பங்கு மட்ட உலோகம் என்ற நிலைக்கு வந்தது. தங்கக் காசிலும் கை வைத்தார்கள். ஏறக்குறைய 24 காரட்டாக இருந்தது 20 வரை இறங்கியது. இந்த ஏழெட்டு வருடங்களில் அரசு கஜானாவுக்குக் கிடைத்த லாபம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்துக்கு அது அசுரத்தனமான தொகை.

பாதிக்கு மேல் செம்பு கலந்த காசு சிவப்பாகத் தெரியாதா? அதை மறைக்க ஒரு கைவேலை இருந்தது. முத்திரை அடிப்பதற்குமுன் வெற்று வில்லையைச் சூடாக்குவார்கள். மேற்பரப்பில் இருக்கும் செம்பு காற்றில் பட்டுக் கறுத்துப்போகும். பிறகு உப்பும் புளிப்பும் சேர்ந்த கரைசலில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்துவிடும், வெள்ளி கரையாது. மேலே மெல்லிய வெள்ளித் தோல் மட்டும் மிஞ்சும். அதன்மேல் அச்சை வைத்து ஓங்கி அடித்தால் தோல் இறுகிப் பளபளக்கும். நாணயச் சாலையை விட்டு வரும்போது அது அசல் வெள்ளிக் காசுபோலவே இருக்கும்.

ஆனால் தோல் தோல்தானே. டெஸ்டூன் என்ற 12 பென்னி காசில் ஹென்றியின் முகம் நம்மை நேராகப் பார்ப்பதுபோல் செதுக்கப்பட்டிருந்தது. நேர்முகத்தில் எல்லாவற்றையும்விட மேலே துருத்திக்கொண்டிருப்பது மூக்கு. கைமாறிக் கைமாறி முதலில் தேய்வதும் அதுதான். சில மாதங்களில் ராஜாவின் மூக்கு மட்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். மக்கள் அவருக்குச் 'செம்பு மூக்கர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பக்கவாட்டு முகமாகச் செதுக்கியிருந்தால் மானம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளூர்க்காரர்களை முத்திரையைக் காட்டி மிரட்டலாம், வெளிநாட்டு வியாபாரியை மிரட்ட முடியாது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் சந்தையில் அவர் காசை எடைபோட்டு உரசிப் பார்த்துத்தான் வாங்குவார். அங்கே ஒரு பவுண்டுக்கு அந்த வட்டாரத்துப் பிளெமிஷ் பணத்தில் 26 ஷில்லிங் 8 பென்னி கிடைத்தது. கலப்படம் முற்றியபோது 13 ஷில்லிங் 4 பென்னியாக இறங்கியது. சரிபாதி. உள்நாட்டில் விலைவாசி கிடுகிடுவென ஏறியது.

கலப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு. 1551-ல் அரசே முன்வந்து 12 பென்னி ஷில்லிங் இனி 9 பென்னிதான் என்றது. சில வாரங்களில் 6 பென்னி என்றது. 12 பென்னி வைத்திருந்தவர் கையில் சில வாரங்களிலேயே பாதிதான். 1560-ல் எலிசபெத் அரசி மிச்சமிருந்த மட்டக் காசுகளைத் தரம் பிரித்தார். ஓரளவு தேறுவதில் கோட்டைக் கதவுச் சின்னத்தைக் குத்தி நாலரைப் பென்னி, மிக மோசமானதில் வேட்டைநாய்ச் சின்னத்தைக் குத்தி இரண்டேகால் பென்னி என்று மதிப்பைக் குறைத்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி உருக்கி, 1561-க்குள் நல்ல காசாக அடித்து முடித்தார்கள்.

## நல்ல காசு எங்கே போனது?

எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558-ல் தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் அப்பா காசைக் கெடுத்ததால்தான் நல்ல தங்கமெல்லாம் நாட்டைவிட்டுப் போய்விட்டது என்பது அதன் சாரம். முந்நூறு வருடம் கழித்து மெக்லியாட் என்ற பொருளாதார அறிஞர் இதற்குக் 'கிரெஷாம் விதி' என்று பெயர் வைத்தார்: கெட்ட காசு நல்ல காசை விரட்டும். வானில் கோள்களின் கணக்கைப் பார்த்த கோப்பர்நிக்கஸ் இதையே கிரெஷாமுக்கு முன்பே எழுதியிருந்தார் என்பது வேறு கதை.

இந்த விதி மாயம் ஒன்றுமில்லை. ஒரே முகமதிப்புள்ள இரண்டு காசு பையில் இருந்தால், கடையில் மட்டமானதைக் கொடுத்துவிட்டு நல்லதைப் பதுக்குவோம். கிழிந்த நோட்டை முதலில் தள்ளிவிடுகிறோமே, அந்தப் புத்திதான். ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கக்கூடாது. இரண்டும் சமம் என்று அரசு கட்டாயப்படுத்தும் இடத்தில்தான் கெட்டது நல்லதை விரட்டும். கட்டாயம் இல்லாத இடத்தில் வியாபாரி நல்ல காசைத்தான் கேட்டு வாங்குவார்.

அதற்கான தடயம் நம் கொங்கு மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. வெள்ளலூர், பூதிநத்தம், கத்தாங்கண்ணி என்று கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்தக் காசின் பெயர் டெனாரியஸ். கிடைத்தவற்றில் மிகப் பெரும்பான்மை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்கள் காலத்தவை. கி.பி. 37-க்குப் பிந்திய வெள்ளிக் காசு இங்கே அபூர்வம்.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 டெனாரியஸ் அடித்தார்கள், கிட்டத்தட்ட சுத்த வெள்ளியில். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ அதை 96 ஆக்கி எடையைக் குறைத்தார், மாற்றையும் குறைத்தார். ரோமாபுரிக்குள் பழைய காசும் புதிய காசும் சமம் என்று சட்டம் சொல்லும். மிளகு விற்கும் வியாபாரிக்கு அந்தச் சட்டம் எதற்கு? அவருக்கு அது எடைக்கு வெள்ளி, அவ்வளவுதான். தமிழகத்துக்கு வந்தது பெரும்பாலும் பழைய காசாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணம் இதுவே. நீரோவுக்குச் சற்று முந்தைய காலத்தில், இலங்கைக்கு வந்துசேர்ந்த ஒரு ரோமானியரின் காசுகளைப் பார்த்து அந்நாட்டு அரசர் வியந்தாராம்: வேறு வேறு அரசர்களின் முகம், ஆனால் எடை எல்லாம் ஒன்று, நேர்மையான ஆட்கள்தான் என்று. ரோமானிய எழுத்தாளர் பிளினி பெருமையோடு எழுதி வைத்த கதை இது.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. 190-களில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் சுமார் பாதி வெள்ளிக்குக் கொண்டுவந்தார். 260-களின் இறுதியில் டெனாரியஸின் இடத்துக்கு வந்த பெரிய காசில் ஐந்து சதவீதம்கூட வெள்ளி இல்லை. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு. 260-ஆம் ஆண்டில் எகிப்தின் ஒரு நகரில், காசு மாற்றுபவர்கள் பேரரசரின் காசை வாங்க மறுத்துக் கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திறந்து காசை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அந்த ஊர் அதிகாரி போட்ட ஆணை பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. காசை வாங்கச் சொல்லி ஆணை போட வேண்டியிருக்கிறது என்றால் அதன் யோக்கியதை தெரிந்துவிடுகிறது.

## மூன்றும் வேறு வேறு

இனி அந்த யூடியூப் பேச்சுக்கு வரலாம். மூன்று விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் திணிக்கப்படுகின்றன. காசின் உள்ளே இருக்கும் உலோகம் குறைவது டிபேஸ்மென்ட். பொதுவாகப் பொருள்களின் விலை ஏறுவது பணவீக்கம். கலப்படத்தால் பணவீக்கம் வரலாம், ஆனால் மழை பொய்த்து விளைச்சல் கெட்டாலும் விலைவாசி ஏறும். மற்ற நாட்டுப் பணத்தோடு நம் பணத்தின் விகிதத்தை அரசே குறைத்து அறிவிப்பது பணமதிப்புக் குறைப்பு. 1966 ஜூன் 6-ஆம் தேதி ஒரு டாலர் 4.76 ரூபாய் என்று இருந்ததை 7.50 ஆக்கினார்களே, அதுதான். அன்றைக்கு எந்தக் காசிலும் எதையும் கலக்கவில்லை.

இன்றைய ரூபாயில் குறைப்பதற்கு வெள்ளியே இல்லை. ஆகவே நோட்டு அச்சடிப்பதை டிபேஸ்மென்ட் என்பது உவமையாகச் சொல்வது. உவமையில் தப்பில்லை, புதுப் பணத்தை முதலில் செலவழிப்பவர் லாபம் பார்ப்பார் என்ற அம்சம் இரண்டுக்கும் பொதுவானது. ஆனால் ஹென்றி காலத்தில் உரைகல்லில் உரசி ஏமாற்றை நிரூபிக்க முடிந்தது. நோட்டில் அப்படி உரச எதுவும் இல்லை, பணவீக்கக் கணக்கைப் பார்த்துத்தான் பேச வேண்டும். "80 சதவீதம் டிபேஸ் ஆகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். தங்கத்தோடு என்றால் ஒரு விடை, அரிசியோடு என்றால் வேறு விடை.

## ராணிக் காசும் 1940-உம்

கடைசியாக ஒரு சிக்கலான உதாரணம். தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு பல வீடுகளில் இருக்கும். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், 1939 வரை அதில் 91.7 சதவீதம், அதாவது 10.69 கிராம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940-ல் அரசு மாற்றைப் பாதியாக்கியது. எடை அதே 11.66 கிராம், பெயர் அதே ஒரு ரூபாய், வெள்ளி மட்டும் 5.83 கிராம். ஒரு ரூபாய் நோட்டையும் அந்த வருடம் வெளியிட்டார்கள். 1947-ல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல்.

இது டிபேஸ்மென்ட்டா? சொல்லின் நேர்ப்பொருளில் ஆமாம், சந்தேகமே இல்லை. ஆனால் ஹென்றி கதைபோல வெள்ளி குறைந்ததால் விலை ஏறியது என்று சொல்ல முடியாது. 1893-லேயே இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கிக் காசடித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அதன் பிறகு ரூபாயின் மதிப்பு உள்ளிருக்கும் வெள்ளியைச் சார்ந்து நிற்கவில்லை. அரசு நிர்ணயித்த பவுண்டு விகிதத்தைச் சார்ந்து நின்றது. இப்படி முகமதிப்பைவிட உலோக மதிப்பு குறைவாக, அரசின் வாக்கில் ஓடும் காசை அடையாள நாணயம் என்பார்கள். அதில் உலோகத்தை மாற்றினால் பெரிய பூகம்பம் எதுவும் வராது. போர்க்கால இந்தியாவில் விலைவாசி ஏறியதற்குக் காரணம், போர்ச் செலவுக்காகக் குவிந்த நோட்டுகளும் பொருள் தட்டுப்பாடும்.

கிரெஷாம் விதி மட்டும் தன் வேலையைச் செய்தது. பழைய நல்ல ரூபாய் பெட்டிக்குள் போனது, புதிய பாதி வெள்ளி ரூபாய் சந்தையில் ஓடியது. பதுங்கியவற்றை வெளியே இழுக்க, 1941-ல் விக்டோரியா ரூபாய் செல்லாது என்றார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் மற்ற பழைய ரூபாய்களுக்கும் அதே கதி. அப்படியும் எல்லாம் வெளியே வந்துவிடவில்லை. அதனால்தான் இன்றும் நகைக்கடைக்கு அவை வந்துகொண்டிருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்து, அதை வெள்ளி விலைக்குப் போடுவதாக இருந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். 1939 அல்லது அதற்கு முன் என்றால் பத்தரை கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை என்றால் ஆறு கிராம்கூட இல்லை. 1947 என்றால் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.